டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடிப்பது யார்? - சென்னைக் கார்களின் டென்ஷனர் கதை

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? எத்தனையாவது ஓனர்? ஏ.சி. ஒழுங்காக வேலை செய்கிறதா? 2015 வெள்ளத்தில் முழுகிய வண்டியா? கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்பார்கள். 'பெல்ட்டோடு டென்ஷனரையும் சேர்த்து மாற்றினீர்களா? அது எந்த வகை டென்ஷனர்?' என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். கார்களில் டென்ஷனர் எப்படி எப்படியெல்லாம் மாறி வந்தது என்று பார்த்தால், சென்னையில் கார் செய்த கதையில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும் என்று நினைத்து மற்றவர்கள் ஓடிவிட வேண்டாம். பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் இல்லாமலே புரியும்படி சொல்லப் பார்க்கிறேன் :)

முதலில் இந்த டென்ஷனருக்கு என்ன வேலை?

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அதன் தலைக்கு மேல் வால்வுகள் திறந்து மூடுகின்றன. பிஸ்டனை ஆட்டுவிப்பது கிராங்க் ஷாஃப்ட், வால்வைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு தப்பாமல் இரண்டையும் கட்டி வைப்பதுதான் டைமிங் பெல்ட். சில எஞ்சின்களில் அதற்குப் பதில் செயின் இருக்கும்.

பெல்ட் தொளதொளவென்று இருந்தால் பல் தாண்டிவிடும். கணக்கு தப்பும். 'இன்டர்ஃபெரன்ஸ்' வகை எஞ்சினாக இருந்தால் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், அந்த மாதச் சம்பளம் அம்பேல். அதற்குப் பயந்து பெல்ட்டை ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான். ஊளைச் சத்தம் வரும், வாட்டர் பம்ப் பேரிங்கும் டென்ஷனர் பேரிங்கும் சீக்கிரம் தேயும், பெல்ட்டின் ஆயுசும் குறையும். ஆக, தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் நடுவே ஓர் அளவு வேண்டும். அந்த அளவில் பெல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது டென்ஷனர்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. செயின் தொங்கினால் பின் சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முடுக்குகிறோம் இல்லையா? அங்கே டென்ஷனர் நம் கைதான்.

தையல் மெஷினிலிருந்து வந்த பெல்ட்

பல் வைத்த ரப்பர் பெல்ட் காருக்காகப் பிறந்ததே அல்ல. 1940களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷினுக்குள் ஊசியையும் கீழே இருக்கும் பாபினையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பதற்காக உண்டாக்கியது. தையல்காரர் காலால் மிதிக்கும் தோல் பெல்ட் வேறு, இது வேறு. தோல் பெல்ட் கொஞ்சம் வழுக்கினால் தையல் மெதுவாகும், அவ்வளவுதான். ஊசிக்கும் பாபினுக்கும் நடுவே வழுக்கல் வந்தால் தையலே விழாது. வழுக்கவே கூடாத இடத்துக்குத்தான் பல்.

இதை உற்பத்திக் காரில் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரிலிருந்த ஹான்ஸ் கிளாஸ் என்ற சின்ன கம்பெனி. 1961ல் காட்சிக்கு வைத்த கிளாஸ் 1004 காரில் கேம் ஷாஃப்ட்டை பல் பெல்ட் ஓட்டியது. 1966ல் ஃபியட் 124 ஸ்போர்ட் காருக்கு லாம்ப்ரெடி வடிவமைத்த இரட்டை கேம் எஞ்சின் அதே வழியில் வந்தது. அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் பான்டியாக் கம்பெனியும் பெல்ட் போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சினை விற்கத் தொடங்கியது. செயினைவிட சத்தம் குறைவு, விலை குறைவு, ஆயிலும் தேவையில்லை. பிறகென்ன, ஒவ்வொருவராகப் பெல்ட்டுக்கு மாறினார்கள்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?

ஹெரால்டின் வளைந்த தகடு

மெட்ராஸுக்கென்றே ஒரு கார் கம்பெனி இருந்தது. 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே செய்தார்கள். தாத்தா காலத்து ஆல்பத்தில் முன்பக்கம் கண் உருட்டிப் பார்க்கும் சின்ன கார் ஒன்று இருந்தால், அது ஹெரால்டாக இருக்க வாய்ப்புண்டு.

ஹெரால்டில் கேம் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் குட்டிச் செயின். அதன் டென்ஷனர் என்பது டைமிங் கவரின் உள்பக்கம் பொருத்திய வளைந்த ஸ்பிரிங் எஃகுத் தகடு, அவ்வளவே. செயின் தேய்ந்து நீளும்போது தகடு தன் வளைவால் அதை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் கிடையாது, திருகி வைக்க வேண்டிய போல்ட்டும் கிடையாது.

அம்பாசடர் எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பத்தில் வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. கார்களில் ஒரு படி மேலே போய், எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் நகரும் பிளஞ்சரை வைத்துச் செயினைத் தள்ளினார்கள். பின்வாங்காமல் இருக்க உள்ளே ராட்செட் மாதிரி ஓர் ஏற்பாடு. அறுபது வருடத்துக்கும் மேல் ஆன அந்த யோசனையைத்தான் இன்றைய கார்கள் புதுசு போலக் காட்டுகின்றன. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பழைய செயின்களிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தளர்ந்தால் சத்தம் போடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே முன்பக்கம் 'கடகட' என்று கேட்கும். தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அதாவது எஞ்சினே முன்கூட்டி எச்சரித்தது.

ஸ்டாண்டர்டு கம்பெனியின் கடைசி அத்தியாயம் கொஞ்சம் வேடிக்கையானது. 1985ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. அந்த ரோவர் 1977ல் ஐரோப்பாவின் 'கார் ஆஃப் தி இயர்' விருது வாங்கியது. இங்கிலாந்தில் அதற்குப் போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களிலும், 1982ல் வந்த 2 லிட்டர் எஞ்சினிலும் கேமை ஓட்டியது பல் பெல்ட். வண்டலூருக்கு உடம்பு வந்தது, அந்த எஞ்சின் வரவில்லை. 1940களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்கு உண்டான பழைய எஞ்சினின் வம்சத்தைத்தான் உள்ளே வைத்தார்கள். 1988க்குள் எல்லாம் முடிந்துபோனது. பெல்ட் யுகம் மெட்ராஸில் செய்த கார் வழியாக நமக்கு வந்திருக்கலாம். வந்தது வடக்கேயிருந்து.

1983: ஸ்பிரிங் இழுக்கும், ஆள் பூட்டுவார்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே. அதை ஓட்டியது ரப்பர் பெல்ட். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கை பழகிய மெக்கானிக்குகளுக்கு இது புது ஜந்து.

அதன் டென்ஷனர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு சக்கரம், அதைத் தாங்கும் தகடு, ஒரு ஸ்பிரிங். பெல்ட்டை மாட்டியபின் போல்ட்டைத் தளர்த்தி விட்டால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பெல்ட்டின் மேல் அழுத்தும். பிறகு கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் பெல்ட்டின் தளர்ச்சியெல்லாம் ஒரு பக்கம் வந்து சேரும். அதன்பின் போல்ட்டை முடுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டிய அந்த நிமிடத்தோடு ஸ்பிரிங்கின் வேலை முடிந்தது. அடுத்த பெல்ட் மாற்றும் வரை டென்ஷனர் அசையாது.

ஆக, எல்லாம் அந்த இரண்டு சுற்றில் இருக்கிறது. அதைச் சுற்றாமல் அவசரத்தில் பூட்டினால் அளவு தப்பும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கவர் மூடிவிடும். சத்தமும் வராது, ஏனென்றால் ரப்பர் பேசாது. செயின் காலத்தில் எஞ்சின் கொடுத்த எச்சரிக்கை போய், மெக்கானிக்கின் பொறுமைதான் எல்லாம் என்று ஆனது.

இன்னும் எளிய வகையும் உண்டு. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. மையம் விலகிய ஒரு சக்கரத்தைத் திருப்பி, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முறுக்கிப் பார்ப்பார்கள். கால் சுற்று முறுங்கினால் சரி என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் வைத்திருந்த கணக்கு. விரல்தான் மீட்டர். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பாகம் வாங்கலாம், அந்த விரலை எந்தக் கடையில் வாங்குவது?

சூடும் சிக்னலும்

டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஏ.சி. குளிர் ஏறும்போது தம்புராவின் ஸ்ருதி கலையும், நடுவே ஒருமுறை சேர்த்துக்கொள்வார்கள். சூடு மாறினால் இழுப்பு மாறும். எஞ்சினும் அப்படித்தான்.

அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர் தூரம், முழுக்க அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் அந்தத் தூரம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் கூடும். பெல்ட்டுக்குள் இருக்கும் கண்ணாடி இழை அந்த அளவுக்கு நீளாது. எனவே சூடான எஞ்சினில் பெல்ட் இறுகும், ஆறினால் தளரும். பூட்டி வைத்த டென்ஷனர் இரண்டு நிலைக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் தளர்வாகவே வைத்து, சூட்டில் சரியாகட்டும் என்று விட வேண்டியதுதான்.

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அதே வருடம் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர். இரண்டிலும் பெல்ட்தான். தி.நகரிலும் அடையாறிலும் மத்தியதர வீட்டு வாசல்களில் சான்ட்ரோ நிற்கத் தொடங்கிய காலம் அது.

இங்கே ஒரு கணக்கு. பெல்ட்டுக்குக் கம்பெனி சொல்வது கிலோமீட்டர் கெடுவும் வருடக் கெடுவும். நம்மவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது கிலோமீட்டரை மட்டும். 60,000 கிலோமீட்டரை ஹைவேயில் மணிக்கு 60 வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் ஓடியது 1,000 மணி நேரம். அதே தூரத்தைப் பனகல் பார்க், மத்திய கைலாஷ் சிக்னல்களுக்கு நடுவே சராசரி 15 வேகத்தில் ஓட்டினால் 4,000 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான். ஐடிலிங்கில் சுற்று குறைவு என்றாலும் பெல்ட்டும் டென்ஷனர் பேரிங்கும் சூட்டில் கிடந்தது நான்கு மடங்கு நேரம். 'வண்டி குறைவாகத்தான் ஓடியிருக்கிறது சார்' என்று விற்பவர் சொல்வதில் பொய் இருக்காது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கும்.

வெள்ளமும் இதில் சேர்த்தி. 2015 டிசம்பரில் அடையாறு கரையோரம் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். எஞ்சினைக் கழுவி, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். டென்ஷனர் சக்கரத்தின் பேரிங்குக்குள் சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் கெட்டுவிட்டால், அது உடனே தெரியாது. மாதங்கள் கழித்து பேரிங் சிக்கிக்கொள்ளும், நல்ல பெல்ட்டையே தின்றுவிடும்.

தானே பார்த்துக்கொள்ளும் டென்ஷனர்கள்

மனிதர் விரலை நம்ப வேண்டாம் என்று வந்தவை தானியங்கி டென்ஷனர்கள். இரண்டு வகை.

ஒன்று, ஸ்பிரிங்கைப் பூட்டாமல் விடுவது. முறுக்கு ஸ்பிரிங் எப்போதும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதிர்வில் ஊஞ்சல் மாதிரி ஆடாமலிருக்க உள்ளே உராய்வுப் பட்டை உண்டு. 2012ல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில் இந்த வகைதான். அதில் ஒரு முள் இருக்கும். பொருத்தும்போது முள்ளைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து முடுக்க வேண்டும். விரல் கணக்குப் போய், கண் கணக்கு வந்தது.

இரண்டாவது ஹைட்ராலிக். மிட்சுபிஷியின் 4ஜி63 போன்ற எஞ்சின்களில் மூடிய சிலிண்டருக்குள் ஆயில் வைத்து, பிளஞ்சர் மெதுவாக மட்டும் பின்வாங்கும்படி செய்தார்கள். திடீர் இழுப்பை அது தாங்கும், மெதுவான மாற்றத்துக்கு இணங்கும். ஆனால் பொருத்துவதற்கு முன் அதை வைஸில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தி, பின் குத்தி நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே சீல் போகும். பொறுமைக்கு இங்கேயும் விடுதலை இல்லை!

2008ல் கதை ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. ஹூண்டாயின் கப்பா எஞ்சினும் மாருதியின் கே-சீரிஸும் செயினோடு வந்தன. செயினைத் தள்ளுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தில் நகரும் டென்ஷனர். பழைய எம்.ஜி.யின் யோசனையேதான். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று விளம்பரம். மாற்றவே வேண்டாம் என்று வாங்கியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த டென்ஷனரின் கை, கால் எல்லாமே ஆயில். ஆயிலை நாள் கடத்தி மாற்றினால், கசடு சேர்ந்தால், அளவு குறைந்தால், டென்ஷனர் தளரும், செயின் தேயும்.

மறைமலைநகர் காரும் ஒரு சின்னக் கையும்

இந்த வரலாற்றின் கடைசிப் பாடம் சென்னையில் செய்த காரிலிருந்தே கிடைத்தது. ஃபோர்டு இகோஸ்போர்ட், 2013 முதல் மறைமலைநகரில். அதன் 1 லிட்டர் இகோபூஸ்ட் எஞ்சினில் ஒரு புதுமை: பெல்ட்டை எஞ்சினுக்குள், ஆயிலில் நனைந்தபடியே ஓடவிட்டார்கள். கேமுக்கு ஒரு பெல்ட், ஆயில் பம்ப்பை ஓட்ட இன்னொரு பெல்ட். உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது கணக்கு.

மறைமலைநகரிலிருந்து அமெரிக்காவுக்கும் இகோஸ்போர்ட் ஏற்றுமதியானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022ல் அங்கே உற்பத்தி நின்றது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு ரீகால். இந்த எஞ்சின் போட்ட இகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்கள் சேர்த்து சுமார் 1,40,000. காரணம்? ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் கை முறியலாம், அல்லது பெல்ட்டின் பற்கள் உதிரலாம். அப்படியானால் ஆயில் பிரஷர் போகும், எஞ்சின் நிற்கும், பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் போகலாம்.

கேமை ஓட்டும் டைமிங் பெல்ட் இல்லை, அதன் பக்கத்து வீட்டு பெல்ட். இருந்தாலும் பாடம் ஒன்றே. எங்கேயோ உள்ளே, யார் கண்ணிலும் படாமல், கவரைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கவும் முடியாத இடத்தில் ஒரு சின்னக் கை. அதை நம்பி ஒரு குடும்பம் ஹைவேயில் போகிறது.

அப்படியானால் எது நல்லது?

ஒரு சாலைக் காருக்கு எந்த டென்ஷனர் சரி என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இது. பூட்டி வைக்கும் டென்ஷனர் ரேஸ் காருக்குப் பொருந்தும். அதை ஒவ்வொரு ரேஸுக்கும் திறந்து பார்க்க ஆள் இருக்கிறார்கள். கவரை ஐந்து வருடம் திறக்காத வீட்டுக் காருக்குத் தானியங்கி ஸ்பிரிங் வகைதான் நடுநிலையான தேர்வு. சூடு, குளிர், தேய்மானம் மூன்றையும் சமாளிக்கும், முள்ளைப் பார்த்துப் பொருத்தினால் தப்பும் குறைவு. பெல்ட்டின் மேல் திடீர் இழுப்பு அதிகம் விழும் எஞ்சின்களுக்கு ஹைட்ராலிக் தேவைப்படும். ஆனால் அதற்கு உரிய பாகமும், பொறுமையான ஆளும் வேண்டும்.

கம்பெனி போட்ட வகையை மாற்றி வேறு வகை போடலாமா? வேண்டாம். எஞ்சினின் மற்ற எல்லா அளவும் அந்த வகையை மனதில் வைத்து வந்தவை. நம் கையில் இருக்கும் தேர்வு, நம் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி நடப்பதுதான். பூட்டும் வகையா? பெல்ட் மாற்றும்போது கிராங்கை இரண்டு சுற்று சுற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தானியங்கி ஸ்பிரிங்கா? பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனரை விட்டுவிடாதீர்கள், பெல்ட்டுக்கு இருக்கும் வயதுதான் அதற்கும். ஆயிலில் இயங்கும் செயின் டென்ஷனரா? ஆயில் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள். சிக்னலில் நின்ற நேரத்தையும் வயதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டில் எஃகுத் தகடு பார்த்துக்கொண்டது. மாருதியில் மெக்கானிக்கின் கை. டஸ்டரில் ஸ்பிரிங்கும் முள்ளும். கப்பாவில் ஆயில். ஒவ்வொரு முறையும் கவலையை எங்கேயோ நகர்த்தினார்களே தவிர, கவலை தீரவில்லை. 2025 ஜனவரியில் அறிமுகமான, இதே சென்னைப் பக்கத்தில் செய்யும் கிரெட்டா எலெக்ட்ரிக்கில்தான் கேம், பெல்ட், டென்ஷனர் எதுவுமே இல்லை. ஆனால் சான்ட்ரோக்களும் டஸ்டர்களும் இன்னும் பல வருடம் நம் தெருக்களில் ஓடும். அவற்றில் ஒன்றை வாங்கப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கேட்கப்படாத கேள்வியை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.